பழைய டீசல் ஃபோர் வீல் வண்டியின் மைலேஜ் சரிதானா? அளந்து கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

பழைய தார், ஸ்கார்பியோ, சஃபாரி, பஜேரோ என்று செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்கியவர் முதல் மாதமே கேட்கும் கேள்வி இது: "லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் குடுக்குது, நார்மலா?" இதற்குப் பதில் சொல்லும் முன் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஒன்பது எப்படி வந்தது? ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போட்டு, விளக்கு எரியும்வரை ஓட்டி வந்ததா? மீட்டர் போர்டில் தெரிந்ததா? மலைக்கு ஏறும்போது மட்டும் பார்த்ததா? கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றி டெஸ்டிங்குக்குக் கொடுக்க மட்டும் உடனே சம்மதிப்பார்கள்.

இங்கே சொல்லும் வரிசை அதற்கு நேரெதிர். முதலில் அளவை, அடுத்து எதிர்பார்ப்பு, பிறகு உருளும் பாகங்கள், அதன் பின் சூடும் காற்றும். பம்பும் நாசிலும் கடைசி. இந்த வரிசையில் போனால் பெரும்பாலான புகார்கள் பானட்டைத் திறக்கும் முன்பே தீர்ந்துவிடும்.

உதாரணத்துக்கு 2010-ல் வந்த முதல் தலைமுறை மஹிந்திரா தாரின் சி.ஆர்.டி.இ. மாடலை எடுத்துக்கொள்கிறேன். 2.5 லிட்டர் காமன் ரெயில் என்ஜின் (டீசல் விடுவதை கம்ப்யூட்டர் தீர்மானிக்கும் வகை), 105 குதிரைத்திறன், ஐந்து கியர், தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் ஃபோர் வீல். கணக்கும் சோதனையும் மற்ற வண்டிகளுக்கும் பொருந்தும். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

படி 1: ஒழுங்காக ஃபுல் டேங்க் போடுங்கள்

டேங்க் ஃபுல் முதல் டேங்க் ஃபுல் வரை. இதைவிட நம்பகமான வழி வீட்டில் செய்ய இல்லை. ஆனால் இதிலும் ஓட்டை உண்டு.

எப்போதும் ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி ஒரே திசையில் சமதளத்தில் நிற்க வேண்டும். பம்ப் தானாக முதல் 'டக்' போட்டவுடன் நிறுத்தச் சொல்லுங்கள். ரவுண்டு பண்ணுகிறேன் என்று பையன் இன்னும் முப்பது நாற்பது ரூபாய்க்கு நுரை மேல் நுரையாக விடுவான், விடாதீர்கள். உயரமான பழைய வண்டிகளில் டேங்கின் வடிவமும் வாய்க்குழாயின் வளைவும் காரணமாக, உள்ளே காற்று மாட்டிக்கொண்டு ஒருமுறைக்கும் மறுமுறைக்கும் ஒன்று ஒன்றரை லிட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும். 15 லிட்டர் போடும்போது ஒன்றரை லிட்டர் தவறினால் அது 10 சதவீதம். 45 லிட்டர் போடும்போது அதே தவறு 3 சதவீதம்தான். அதனால் கால் டேங்க் வரை இறக்கிவிட்டுப் போடுங்கள். ஒரு தடவை போட்டு வந்த எண்ணை நம்ப வேண்டாம், குறைந்தது மூன்று ஃபில்லிங் ஆகட்டும்.

சராசரி எடுப்பதில் ஒரு பொறி உண்டு. முதல் டேங்கில் 8, இரண்டாவதில் 12, ஆக சராசரி 10 என்று கூட்டி வகுக்காதீர்கள். மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். முதல் டேங்கில் 50 லிட்டர் குடித்து 400 கி.மீ., அடுத்ததில் 25 லிட்டரில் 300 கி.மீ. ஓடியிருந்தால், 700-ஐ 75-ஆல் வகுத்து வருவது 9.3. பத்து அல்ல.

பம்ப் மேலேயே சந்தேகமா? ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவை இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடக்குறைய இருக்கலாம் என்பது அனுமதிக்கப்பட்ட அளவு, அதாவது அரை சதவீதம். நேர்மையான பம்ப் உங்கள் 12-ஐ 9 ஆக்க முடியாது. காலையில் போட்டால் டீசல் அடர்த்தியாக இருக்கும் என்ற பேச்சும் அப்படித்தான். ஒரு டிகிரிக்கு டீசல் விரிவது 0.08 சதவீதம் அளவில். பத்து டிகிரி மாறினாலும் ஒரு சதவீதத்தைத் தொடாது, அதோடு டேங்க் நிலத்தடியில் இருக்கிறது.

படி 2: கிலோமீட்டர் உண்மையா என்று பாருங்கள்

இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பழைய ஃபோர் வீல் வண்டிகளில் கம்பெனி சைஸ் டயர் இருப்பது அரிது. முந்தைய ஓனர் ஒரு சைஸ் பெரிய மட் டயர் மாட்டியிருப்பார். தாரில் 235/70 ஆர் 16 டயரின் விட்டம் கணக்குப்படி 735 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 245/75 ஆர் 16 போட்டால் 774 மி.மீ. 5.2 சதவீதம் பெரியது. சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது, மீட்டருக்கு அது தெரியாது. வண்டி 105 கி.மீ. ஓடியிருக்கும்போது ஓடோமீட்டர் 100 என்று காட்டும்.

ஒரு டேங்கில் மீட்டர்படி 412 கி.மீ., போட்டது 43.6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 9.45. டயர் திருத்தம் போட்டால் ஓடியது 433 கி.மீ., மைலேஜ் 9.94. ஒரு நட்டைக்கூடத் தொடாமல் அரை கிலோமீட்டர் ஏறிவிட்டது.

தேய்ந்த டயரில் இது தலைகீழ். பட்டன் 6 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 12 மி.மீ. குறையும், மீட்டர் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும்.

சரிபார்ப்பது சுலபம். நான்கு வழிச் சாலையில் கிலோமீட்டர் கல் பார்த்து 20 கி.மீ. ஓட்டுங்கள், அல்லது போனில் ஜி.பி.எஸ். செயலியை ஓடவிட்டு நேரான சாலையில் 50 கி.மீ. ஒப்பிடுங்கள். வளைவு நிறைந்த மலைப்பாதையில் ஜி.பி.எஸ். தூரத்தைக் குறைத்துக் காட்டும், அங்கே ஒப்பிட வேண்டாம். கிடைத்த விகிதத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள், இனி எல்லாக் கணக்கிலும் அதைப் பெருக்க வேண்டும்.

படி 3: எதிர்பார்க்க வேண்டிய எண் எது?

கம்பெனி சொன்ன ஏ.ஆர்.ஏ.ஐ. (வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) எண்ணைத் தூக்கி ஓரம் வையுங்கள். அந்தச் சோதனை ஆய்வகத்தில், உருளை மேல், ஏசி இல்லாமல், 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாத ஓட்டத்தில் எடுப்பது. ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட அது உதவும், உங்கள் சாலைக்கு உதவாது.

அதைவிட நல்லது, எண்ணை நாமே போட்டுப் பார்ப்பது. ஆள் அடங்க 2,000 கிலோ எடையுள்ள, முகம் தட்டையான ஜீப் என்று வையுங்கள். சமதளத்தில் உருள்வதற்கான எதிர்ப்பு 300 நியூட்டன் அளவில் இருக்கும், இது வேகத்தோடு பெரிதாக மாறாது. காற்றின் எதிர்ப்பு 80 கி.மீ. வேகத்தில் 400 நியூட்டன் பக்கம் வரும். அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 100-ல் 625 ஆகிவிடும். ஆக 80-ல் மொத்தம் 700, 100-ல் 925. நூறு கிலோமீட்டர் தள்ள 70 மெகாஜூல், அல்லது 92.5 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல் இருக்கிறது. அதில் சக்கரம் வரை வந்து சேர்வது கால் பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், பத்து மெகாஜூல் என்று வையுங்கள். 80-ல் போனால் நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர், அதாவது லிட்டருக்கு 14. நூறில் போனால் 9.25 லிட்டர், லிட்டருக்கு 10.8.

அதே வண்டி, அதே சாலை, அதே டிரைவர். 20 கி.மீ. வேகம் கூடியதற்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போயிற்று. திண்டிவனம் வரை 80-ல் உருட்டியவரும் நூறில் அடித்துப்போனவரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

ஊருக்குள் கணக்கு வேறு. 50 கி.மீ. வேகம் வரை ஏற்றி பிரேக் போட்டு நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் 20 மில்லி டீசல் பிரேக் ஷூவில் சூடாகப் போகிறது. கிலோமீட்டருக்கு இரண்டு நிறுத்தம் என்றால் 50 கி.மீ. ஓட்டத்தில் அதற்கு மட்டும் 2 லிட்டர். சிக்னலில் ஏசியோடு நிற்பதற்கு மணிக்கு ஒரு லிட்டர் பக்கம் ஆகும்.

மலை? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுவது கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம். 2,000 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே மூன்றரை லிட்டருக்கு மேல் வேண்டும். சாதாரணமாக அந்த ஐம்பது சொச்சம் கிலோமீட்டருக்கு ஆகும் டீசல் இதில் சேரவில்லை. ஆக ஏற்றத்தில் 6 வந்தால் வண்டி நன்றாகவே இருக்கிறது. இறங்கும்போது பதினெட்டு இருபது வந்தாலும் துள்ள வேண்டாம். மலைப் பயணத்தை ஏறி இறங்கிய மொத்தத்துக்கு மட்டும்தான் கணக்குப் போட வேண்டும்.

ஒரு சின்ன விலகல். டீசல் மிச்சமாகும் என்று கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் நியூட்ரலில் இறக்குபவர்கள் உண்டு. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சி.ஆர்.டி.இ. என்ஜின் டீசலை முழுதாக நிறுத்திவிடும், பழைய மெக்கானிக்கல் பம்பும் கவர்னர் வழியாக அதையேதான் செய்யும். நியூட்ரலில் போட்டால் என்ஜினை ஓடவைக்க ஐடில் டீசல் செலவாகும். பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும். உயிருக்கும் நஷ்டம், டீசலுக்கும் நஷ்டம்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நல்ல நிலையில் இருக்கும் பழைய தார் சி.ஆர்.டி.இ. ஊருக்குள் 9 முதல் 11, நெடுஞ்சாலையில் 11 முதல் 14 தந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை. 2.8 லிட்டர் என்ஜின் வைத்த பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். (நம் திருவள்ளூர் ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது) இன்னும் கனம், தொழில்நுட்பமும் ஒரு தலைமுறை பழையது. அதில் ஊருக்குள் 7, 8 வந்தால் வருத்தப்பட வேண்டாம், வெளியே 10 வந்தால் சந்தோஷப்படலாம். 4 எல்லில் (நாலு சக்கரமும் மெதுவாக இழுக்கும் கியர் நிலை) போட்டு எஸ்டேட் பாதையில் ஊர்ந்தால் கிலோமீட்டர் கணக்குக்கே பொருள் இல்லை, அங்கே மணிக்கு எத்தனை லிட்டர் என்று பார்ப்பதே சரி.

உங்கள் எண் இந்த எல்லைக்குள் விழுந்தால் வண்டியைப் பிரிக்க வேண்டாம். எல்லைக்குக் கீழே 15 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், அல்லது அதே சாலையில் போன வருடம் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்றால், மேலே போகலாம்.

படி 4: வண்டி லேசாக உருள்கிறதா?

காற்று முதலில். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். மண்ணில் ஓட்டுவதற்காக இறக்கிய காற்றை மறுபடி ஏற்றாமல் ஊர் திரும்பியவர்கள் அதிகம். மட் டயர் தார்ச்சாலையில் ஊளையிடும்போது அந்தச் சத்தமும் டீசலில் இருந்து வந்ததுதான். மேலே கேரியர், அதில் ஜெர்ரிகேன், முன்னால் இரும்பு பம்பர், பின்னால் வின்ச் என்று ஏற்றியிருந்தால் அவற்றைக் கழற்றாமல் கம்பெனி மைலேஜை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அடுத்து பிரேக் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். கேலிப்பரின் பிஸ்டன் துரு ஏறி முழுதாகத் திரும்பாது, பின் டிரம்மில் அட்ஜஸ்டர் இறுகியிருக்கும், ஹேண்ட்பிரேக் கேபிள் உறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலையில் 20 கி.மீ. ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் தானாக உருண்டு நிற்கவிடுங்கள். நான்கு சக்கரத்தின் நடுப்பகுதியையும் வெப்பமானித் துப்பாக்கியால் பாருங்கள். ஆயிரம் சொச்சத்துக்கு ஆன்லைனில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும், தொட்டுவிடாதீர்கள். ஒரே அச்சில் இடதுக்கும் வலதுக்கும் 25, 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் அல்லது பேரிங் பிரச்சினை.

பிறகு உருட்டுச் சோதனை. ஆளில்லாத சமமான சாலையில் 50-ல் நியூட்ரல் போட்டு, 20-க்கு இறங்க எத்தனை நொடி என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜினை அணைக்காதீர்கள், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கெட்டியாகிவிடும். எதிர்த்திசையிலும் ஒருமுறை செய்து சராசரி எடுங்கள். இந்த வகை வண்டிக்கு அரை நிமிடத்தை ஒட்டி வர வேண்டும். பதினைந்து இருபது நொடியில் நின்றுபோவதுபோல் இருந்தால் ஏதோ இழுக்கிறது. வண்டி நல்ல நிலையில் இருக்கும்போது வந்த எண்ணைக் குறித்துவைத்தால், பின்னால் எந்தக் காரணத்தால் மைலேஜ் விழுந்தாலும் பாதி விசாரணை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

படி 5: முன் அச்சு தேவையில்லாமல் மாட்டியிருக்கிறதா?

கார்க்காரர்களுக்கு இல்லாத தலைவலி இது. லீவர் 2 எச்சில் (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) இருக்கும், உள்ளே டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் அச்சுக்கும் சக்தியைப் பிரித்துவிடும் பெட்டி) விலகியிருக்காது. அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸ் விலகியிருக்கும், முன் சக்கரத்தை அச்சோடு பூட்டும் ஹப் விலகியிருக்காது. காய்ந்த தார்ச்சாலையில் 4 எச்சில் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) ஓடினால் டீசலோடு டயரும் தேயும், டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினும் இழுபடும்.

முதல் சோதனை: காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல வட்டம் அடியுங்கள். யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் திணறினால் ஃபோர் வீல் விலகவில்லை.

இரண்டாவது: சமதளத்தில் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். லீவர் 2 எச்சில். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

சுற்றவே முடியவில்லையா? பிரேக் பிடித்திருக்கவில்லை என்று போன படியில் உறுதி செய்திருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் இன்னும் நாலில் இருக்கிறது. சக்கரத்தோடு முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் அச்சுக்குப் போகும் தண்டு) சுற்றுகிறதா? டிரான்ஸ்ஃபர் கேஸ் சரி, ஹப் மட்டும் லாக்கில் நிற்கிறது. சக்கரம் சுற்றி ஷாஃப்ட் அசையாமல் இருந்தால் எல்லாம் சரி.

கையால் திருகும் ஹப் என்றால் கழற்றிக் கிரீஸ் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். பழைய ஆட்டோமேட்டிக் ஹப் பல, 2 எச்சுக்கு மாற்றியபின் ஓரிரு மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால்தான் விலகும். முந்தைய ஓனர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். லாக்கிங் ஹப்பே இல்லாத பழைய ஜீப்புகளில் முன் டிஃபரன்ஷியலும் ஷாஃப்ட்டும் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், அங்கே அது இயல்பு. பஜேரோ போன்றவற்றில் விலகும் இடம் அச்சுக்குள் இருப்பதால் இந்தச் சோதனையின் பலன் மாறும். அந்த வண்டிக்கான மேனுவலைப் பாருங்கள்.

இதே கையோடு கிளட்சையும் பார்த்துவிடுங்கள். நாலாவது கியரில் 50 கி.மீ. வேகத்தில், லேசான ஏற்றத்தில், ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்.பி.எம். எகிறி வேகம் கூடாமல் நின்றால் கிளட்ச் ஸ்லிப். பஞ்சு கருகிய வாடையும் வரும்.

படி 6: என்ஜினுக்குப் போதிய சூடு வருகிறதா?

நம் ஊரில் இது ஒரு தனி வியாதி. வண்டி ஒருமுறை ஓவர் ஹீட் ஆனால் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடாத வால்வு) கழற்றி எறிந்துவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம் சார்" என்பார். வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் சூடேற நெடுநேரம் எடுக்கும், நெடுஞ்சாலைக் காற்றில் மறுபடி குளிரும். ஆயில் கெட்டியாகவே இருக்கும், எரிதல் சரியாக நடக்காது. சி.ஆர்.டி.இ.யில் கம்ப்யூட்டர் என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து டீசல் விடும் கணக்கையும் மாற்றிக்கொள்ளும்.

காலையில் ஸ்டார்ட் பண்ணி, என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வைத்து. என்ஜின் சூடேறிய பிறகும் சில நிமிடம் ஹோஸ் குளிர்ந்தே இருந்து, திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் இருக்கிறது, வேலை செய்கிறது. முதலிலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் அது திறந்தபடி மாட்டியிருக்கிறது, அல்லது அங்கே இல்லை. இறக்கத்தில் மீட்டரின் வெப்ப முள் சட்டென்று கீழே விழுவதும் அதே அறிகுறி. பல வண்டிகளுக்கு இது சில நூறு ரூபாய் சாமான்தான்.

விஸ்கஸ் ஃபேன் (சூட்டுக்கு ஏற்ப இறுகித் தளரும் ரேடியேட்டர் ஃபேன்) வைத்த வண்டியில், குளிர்ந்த என்ஜினில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்துக்கு மேலும் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி இரைந்துகொண்டே இருந்தால் அது இறுகிப் போயிருக்கிறது. அந்த இரைச்சலுக்கும் டீசல் போகிறது.

படி 7: காற்றும் புகையும்

ஏர் ஃபில்டரைத் தட்டி ஊதி மறுபடி போடாதீர்கள், மாற்றுங்கள். மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) என்ஜினில் ஃபில்டர் அடைத்தாலும் டீசல் குறையாது, காற்று மட்டும் குறையும், விளைவு கரும்புகை. காமன் ரெயிலில் கம்ப்யூட்டர் கொஞ்சம் சமாளிக்கும், வண்டி இழுக்காது, நீங்கள் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்துவீர்கள்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெள்ளை, எரியாத டீசல். சூடான பிறகும் நிற்காவிட்டால் டைமிங்கோ நாசிலோ கம்ப்ரஷனோ சந்தேகம். இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது, உடனே நிறுத்துங்கள். நீலம், ஆயில் எரிகிறது. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய ஜீப் அங்கே கரும்புகை விடுவதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம்.

டர்போ வண்டியில் இன்டர்கூலருக்கு (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) போகும் ரப்பர் ஹோஸ்களை வளைத்து, அடிப்பக்கமும் கிளிப் ஓரமும் பாருங்கள். ஆயில் ஈரமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அங்கே காற்று கசிகிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது 'உஸ்' என்று கேட்கும், கூடவே கரும்புகையும் பிக்கப் குறைவும் இருக்கும். ஹோஸ் மாற்றினால் போதும் என்ற இடத்தில் டர்போவையே மாற்றச் சொன்ன கதைகள் நிறைய. ஈ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடுவது) கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் இதே அறிகுறிதான், கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

ஓ.பி.டி. சாக்கெட் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவியை மாட்டும் இடம்) இருக்கும் வண்டியில் ஒரு ஸ்கேன் போட்டுவிடுங்கள். கூலன்ட் வெப்பம், உள்ளே போகும் காற்றின் அளவு, ரெயில் அழுத்தம், இந்த மூன்றும் ஓடும்போது என்ன காட்டுகின்றன என்பது பிழைக் குறியீட்டைவிடப் பயனுள்ளது.

படி 8: டீசல் எங்கேயாவது வழிகிறதா?

எரியாமல் போகும் டீசலும் உங்கள் கணக்கில்தான் வருகிறது. இரவு வண்டி நிற்கும் இடத்தில் அட்டை விரித்துவைத்துக் காலையில் பாருங்கள். டேங்கின் மேல்பக்க ஹோஸ் வெடித்திருந்தால் ஃபுல் போடும்போது மட்டும் கசியும், மற்ற நாளில் தெரியாது. கந்தகம் குறைந்த இன்றைய டீசலுக்கு மாறியபின் சில பழைய பம்புகளில் ரப்பர் சீல் சுருங்கி ஒழுகுவதும் உண்டு, சீல் கிட் மாற்றினால் நிற்கும்.

டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால், டீசல் வாடை அடித்தால், நாசிலோ பம்ப் சீலோ வழியாக டீசல் ஆயிலில் கலக்கிறது. இதைத் தள்ளிப்போடக் கூடாது, பேரிங் போய்விடும்.

டிரைவர் வைத்து ஓட்டுபவர்களுக்கு இன்னொரு வகை ஒழுக்கும் உண்டு. யாரையும் சந்தேகப்படுவதற்கு முன் ஒரு டேங்க் நீங்களே ஓட்டி அளந்து பாருங்கள், அது போதும்.

படி 9: இப்போது பம்பும் நாசிலும்

இவ்வளவும் சரி, இன்னும் மைலேஜ் இல்லை என்றால்தான் பம்ப் கடை.

மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் முதலில் கேட்க வேண்டியது, பிக்கப்புக்காக யாராவது டீசல் அளவைக் கூட்டும் ஸ்குரூவைத் திருகியிருக்கிறார்களா என்பது. சீல் உடைந்திருந்தால் தெரிந்துவிடும். பம்ப்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிக் காலிப்ரேஷன் செய்து, டைமிங்கை மேனுவல்படி வைக்கச் சொல்லுங்கள். நாசிலை டெஸ்டரில் அடித்துக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். குறித்த அழுத்தத்தில் திறந்து மூடுபனிபோல் தெளிக்க வேண்டும். நுனியில் சொட்டினாலோ ஒரு பக்கம் கோடாகப் பாய்ந்தாலோ அது போய்விட்டது. அந்த ஸ்பிரேயில் விரலை வைத்துவிடாதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போகும்.

காமன் ரெயிலில் ரிட்டர்ன் டெஸ்ட் செய்வார்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் (நாசில் அடங்கிய முழுப் பாகம்) ரிட்டர்ன் ஹோஸிலும் ஒரு சின்ன பாட்டில் மாட்டி என்ஜினை ஓடவிட்டால், எது அதிகம் நிரம்புகிறதோ அது உள்ளே தேய்ந்தது. ரிட்டர்ன் அதிகமாக இருப்பது முதலில் ஸ்டார்ட்டிங்கைக் கெடுக்கும், அந்த டீசல் டேங்குக்குத்தான் திரும்புகிறது. மைலேஜைத் தின்பது சொட்டும் நாசில். இரண்டையும் ஒன்றாக்கி நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னால், எந்தச் சோதனையில் எது தோற்றது என்று எழுதித் தரக் கேளுங்கள்.

கடைசியாக வால்வு கிளியரன்ஸ், கம்ப்ரஷன். நாலு சிலிண்டருக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால் என்ஜின் வேலை.

அதற்கு முன் ஒரு கணக்கு. பத்தாயிரம் கி.மீ. ஓட்டத்தில் 9-லிருந்து 10-க்கு ஏறினால் மிச்சம் 111 லிட்டர். 7-லிருந்து 9-க்கு ஏறினால் 317 லிட்டர். வருடத்துக்கு எட்டாயிரம் ஓட்டுபவர் 111 லிட்டரைவிடக் குறைவான மிச்சத்துக்காக என்ஜினைப் பிரித்தால் அந்தப் பணம் திரும்பி வர பல வருடம் ஆகும். குளிர்ந்த காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகி, நீலப்புகை இல்லாமல், ஆயில் குடிக்காமல் ஓடுகிற வண்டியை அப்படியே ஓட்டலாம்.

எந்த வேலை செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று. டயரும் தெர்மோஸ்டாட்டும் நாசிலும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமலே போகும். ஒவ்வொரு வேலைக்கும் பின் அதே பங்கில், அதே சாலையில், அதே வேகத்தில் இரண்டு டேங்க். தேதி, திருத்திய கிலோமீட்டர், லிட்டர், ஏசி ஓடியதா, எத்தனை பேர், சமவெளியா மலையா, இவ்வளவும் நோட்டில் ஒரு வரி. அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது "மைலேஜ் இல்லை அண்ணே" என்பதற்குப் பதில், "80-ல் பன்னிரண்டு வந்தது, மார்ச்சுக்கு அப்புறம் பத்து, உருட்டினா சரியா ஓடுது, முள் இறக்கத்துல விழுது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் பானட்டுக்குள் கையை வைக்கும் இடமே மாறும்.